‘நாலு பேர்’ பக்கத்தில் ஒரு வரி

பிப்ரவரி 3

நாத்தனார் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. மற்றபடி என்னைக் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறார். உங்கள் உடம்பும் நன்றாகவே இருக்க வேண்டும். நீங்கள் பார்த்திருக்கும் வேலைக்கு நல்ல தெம்பு வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். என் எண்ணை உங்கள் போனில் முடக்கி வைத்திருக்கிறீர்கள். மின்னஞ்சல் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். மிச்சமிருப்பது காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் நம் ‘நாலு பேர்’ குழுவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பெண்கள் மட்டுமே வாசித்த ராக் குழு, பாடகி, கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரே ஒரு கேசட் என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வரி: “‘கல்யாணத்துக்குப் பிறகு மேடை ஏற மாட்டேன், எனக்கு வீடுதான் முக்கியம்’ என்று பாடகி நாளிதழ் பேட்டியில் அறிவித்தார். அதைத் தொடர்ந்து குழு கலைந்தது.”

“அப்பா சொல்றது சரிதான்மா. நீயேதான் சொல்லியிருக்கே. அப்புறம் எதுக்கு எங்கயாவது பாட்டு கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே?” என்று கேட்டாள் மகள். இருபத்திரண்டு வயதுப் பெண் கேட்கிறாள்.

அந்த வாக்கியத்தைச் சொன்னது நானில்லை. சொன்னவர் யாரென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு பத்திரமாக இருக்கிறது. இந்த வரியைச் சேர்த்த ஆளின் புனைபெயர் ‘பிய்ந்ததோல்’. மாதம் ஒரு டிரம்ஸ் தோலைப் பிய்த்து எறிந்தவர் நம் குழுவில் ஒருவர்தான் இருந்தார்.

வரியை எடுத்துவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. பதில் போடுவதானால் வீட்டுக்கு வேண்டாம், நான் வேலை செய்யும் காது பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

*

பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களின் பாதங்களுக்கு,

மரியாதை இந்த ஒரு வரியோடு தீர்ந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளை நீங்கள் நாங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் நலம். டயர் கடை மாடியில் பழைய அறையில்தான் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே அவர்கள் டயரை அடிக்கிறார்கள், மேலே நாங்கள் தோலை அடிக்கிறோம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அண்ணன் எப்படி இருக்கிறான்? அவனைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஆமாம், ‘பிய்ந்ததோல்’ நான்தான். அந்தப் பக்கத்தையே நான்தான் ஆரம்பித்தேன். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று பயமுறுத்தியே நம்மை வளர்த்தார்கள், அந்த நாலு பேராக நாமே ஆகிவிடலாம் என்று பெயர் வைத்தவள் நீ. அதையும் எழுதியிருக்கிறேன். கண்ணில் பட்டதா? படாது. உனக்கு உன்னைப் பற்றிய வரி மட்டும்தான் கண்ணில் படும்.

அந்தப் பேட்டி எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாம் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்காத நிருபர் இந்த மாடிக்கு வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “நீங்கல்லாம் இங்க வந்துட்டா வீட்ல யார் சமைப்பாங்க?” அந்த மாதிரி ஆள் வந்தால் என்ன செய்வது என்று நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. இடம் மாறி உட்கார்ந்து ஒருத்தி பெயரில் இன்னொருத்தி பதில் சொல்வோம். பேஸ்காரி கிட்டார்காரியாக உட்கார்ந்து, தனக்கு இரட்டைப் பையன்கள் என்று கண் கலங்கினாள். நான் பாடகியாக உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு மேடை ஏற மாட்டேன் என்றேன். நீ சிரிப்பை அடக்க முடியாமல் ஆம்ப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அப்படியே அச்சாகி வந்தது. ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சொன்னது நான். செய்தது நீ. கல்யாணமாகி இரண்டாவது மாதம், அவ்வளவு பெரிய அரங்கம், டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த நாள், நீ வரவில்லை. அண்ணன் மட்டும் வந்தான். “அவளுக்கு இஷ்டமில்லையாம், நான் என்ன பண்றது?” என்றான், பாவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாடகி இல்லாமல் மூன்று பேர் வாசித்தோம். கூச்சல் போட்டுக் கீழே இறக்கினார்கள். அண்ணன்தான் என் டிரம்ஸைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். கிட்டார்காரி அதோடு கிட்டாரைத் தொடவில்லை.

கலைக்களஞ்சியத்தில் அச்சில் வந்ததைத்தான் போட முடியும். அச்சில் யார் பெயர் இருக்கிறது? உன் பெயர். வரி இருக்கும்.

அன்பெல்லாம் கிடையாது,
நாத்தனார்

*

மார்ச் 11

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு ஒத்தடம் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உங்கள் அண்ணன் நலம். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்.

நானே கணக்குத் தொடங்கி அந்த வரியை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் திரும்ப முளைத்தது. மறுபடியும் எடுத்தேன். ‘மழைக்காலம்’ என்ற பெயரில் ஒரு நிர்வாகி உரையாடல் பக்கத்தில் வந்து, ஆதாரம் உள்ள தகவலைக் காரணமின்றி நீக்க வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாக எழுதினார். நான்தான் அந்தப் பாடகி, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பதில் எழுதினேன்.

அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “தங்கள் வருகைக்கு நன்றி. தாங்களே அந்தப் பாடகி என்றாலும், தங்களைப் பற்றித் தாங்கள் சொல்வது இங்கே ஆதாரம் ஆகாது. அச்சில் வந்த மறுப்பு ஏதும் இருந்தால் அளிக்கவும்.”

என் வாயிலிருந்து என்ன வந்தது, என்ன வரவில்லை என்று எனக்குத் தெரியாதாம். என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? ஒலி புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் ஒலியை அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். சில பேர் கேட்காததற்கும் அழுத்துவார்கள், காது நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள. உங்கள் நிர்வாகி அந்த ரகம்.

நான் அன்றைக்கு ஏன் வரவில்லை என்பது இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னது நீங்கள். நீங்கள் சொன்னதாகவே எங்காவது அச்சில் சொல்லுங்கள், விஷயம் முடிந்துவிடும்.

உங்களுக்குச் சளி பிடிக்கும் பருவம் இது, ஜாக்கிரதை.

அண்ணி

*

மார்ச் 29

அண்ணி,

சளி பிடிக்கவில்லை. உன் வாய்முகூர்த்தம் பலிக்காததில் வருத்தமாக இருக்கும்.

நீ எடுக்க, நான் போட, நீ எடுக்க, நான் போட என்று இரண்டு வாரம் நன்றாகப் பொழுது போயிற்று. இந்த வயதில் இப்படி ஒரு சண்டை போடுவோம் என்று நினைக்கவே இல்லை. ‘மழைக்காலம்’ எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார், பக்கம் மெருகேறி வருகிறதாம். அந்த உற்சாகத்தில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: “பாடகி தற்போது இல்லத்தரசியாக இருக்கிறார்.” பார்த்திருப்பாய்.

ஒரு வார இதழிலிருந்து என்னைப் பேட்டி காண வரப்போகிறார்கள். இத்தனை வருஷமாக விடாமல் டிரம்ஸ் வாசிக்கும் பெண் என்று. விடாமல் என்பதைக் கவனி.

பேட்டியில் உண்மையைச் சொல்லு என்கிறாய். சொல்கிறேன், எனக்கென்ன. ஆனால் ஒரு கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஏன் வரவில்லை? அதுவரை நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. வர இஷ்டமில்லை என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என் அண்ணனை அனுப்பி, அவனை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கூனிக் குறுகி நிற்க வைத்தாய். அதை என்னால் மறக்க முடியவில்லை. காரணத்தைச் சொல், வரியை எடுக்கிறேன். சொல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும், உன் பேரன் பேத்தி எல்லாம் படிப்பார்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நாத்தனார்

*

ஏப்ரல் 15

இல்லத்தரசியா?

நலம் விசாரிக்க எல்லாம் இன்றைக்கு எனக்கு மனசில்லை. உன்னை நீங்கள் என்று எழுதவும் மனசில்லை. என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து இந்த நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்குக் காது கேட்கிறதா என்று சொன்னவள் நான். இல்லத்தரசி என்று எழுத உனக்கு எந்தப் பேப்பரில் ஆதாரம் கிடைத்தது?

எனக்கும் ஆதாரம் தேடத் தெரியும். நூலகத்தில் பழைய நாளிதழ்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். நம் முதல் கச்சேரிக்கு வந்த விமர்சனம் கிடைத்தது. அதை இப்போது பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்: “‘பிற்பாதியில் டிரம்மர் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர் போல் வாசித்தார்; மற்ற மூவரும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினர்’ என்று விமர்சகர் குறிப்பிட்டார்.” தேதி, பக்க எண் எல்லாம் கொடுத்துவிட்டேன். ‘மழைக்காலம்’ எனக்கும் நன்றி சொன்னார்.

உன் கேள்விக்குப் பதில் கிடையாது. இந்த இடத்தில் ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அடித்ததற்குக் கீழே படிக்க முடிந்தால் படிக்காத மாதிரி இருந்துகொள். கேட்காதே.

அத்தை உன்னைப் பற்றிக் கேட்டார். சண்டைக்காரி சௌக்கியம் என்றேன்.

அண்ணி

*

மே 2

அண்ணி,

ஓட்டம்தான், ஓடினேன்தான். நீங்கள் மூன்று பேரும் மாட்டு வண்டி மாதிரி வந்தால் நான் என்ன செய்வது? அந்த விமர்சகருக்குத் தாளம் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் இருவராலும் பக்கத்துக்குப் பூட்டு விழுந்துவிட்டது. இனி நிர்வாகி மட்டும்தான் மாற்ற முடியுமாம். ‘இல்லத்தரசி’யை அவரே நீக்கிவிட்டார், ஆதாரம் இல்லையாம். பஸ் வரி இருக்கிறது. உன் வரியும் இருக்கிறது.

நீ அடித்ததைப் படித்தேன், ‘உன் அண்ணனைக் கேள்’ என்றிருந்தது. கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருப்பேனா? நேற்று அண்ணனுக்குப் போன் போட்டேன். பாவம், எவ்வளவு சந்தோஷமாகப் பேசினான்! நாம் எழுதிக்கொள்வதைச் சொல்லி, அந்த அரங்கக் கச்சேரிக்கு அவள் ஏன் வரவில்லை என்று நேராகவே கேட்டேன். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, “அதெல்லாம் பழைய கதை, விடு. அவளே பேப்பர்ல சொன்னவதானே?” என்றான்.

ஆக, அவனும் நீதான் சொன்னாய் என்கிறான். உன் சொந்தப் புருஷனே சொல்கிறான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வயது நமக்கு.

நாத்தனார்

*

மே 20

கேட்காதே என்று எழுதினேனே, ஏன்டி கேட்டாய்?

நீ போனை வைத்ததும் என்னிடம் வந்தார். “நீயும் அவளும் ரகசியமா எழுதிக்கறீங்களாமே” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். இனி மறைக்க என்ன இருக்கிறது? வேண்டும் என்றாயே, வாங்கிக்கொள்.

அன்றைக்கு நான் கிளம்பித் தயாராக இருந்தேன். கறுப்புச் சட்டை போட்டு, பாட்டு எழுதின தாள்களைப் பையில் வைத்து, செருப்பு மாட்டிவிட்டேன். அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பேட்டி வந்த பேப்பரை எடுத்தார். பத்திரமாக மடித்து வைத்திருந்தார். கட்டிலில் விரித்து, “நாலு பேர் அறியச் சொல்லிட்டுப் போறியே, எனக்குத்தானே அசிங்கம்” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அதைச் சொன்னது உங்க தங்கச்சி. நீங்களும்தானே அங்க இருந்தீங்க, கேபிள் சுத்திக்கிட்டு” என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “பேப்பர்ல யார் பேர் இருக்கு?” என்றார்.

உன் முதல் கடிதத்தில் அதே வாக்கியத்தை நீ எழுதியிருந்தாய். அச்சில் யார் பெயர் இருக்கிறது? உன் பெயர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் படித்தேன். உள்ளே ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலிக்காகக் காத்திருந்தார். நான் ஒலியை அனுப்பாமல் அந்த வரியையே திரும்பப் படித்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வேறெப்படிப் பேசுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் மேடைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பேப்பர் வெளியே வரும். அடிக்கவில்லை, திட்டவில்லை, கதவைப் பூட்டவில்லை. பேப்பரை எடுத்து விரிப்பார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் நான் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன். மகள் வளர்ந்ததும் அவளுக்கும் காட்டினார், உங்கம்மாவே சொன்னது பார் என்று. அத்தைக்கு இதில் ஒன்றும் தெரியாது. மருமகள் பாட்டுப் பாடப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்றுதான் இருந்தார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? உனக்கு அண்ணன் என்றால் உயிர். கடிதத்துக்குக் கடிதம் பாவம், பாவம் என்று எழுதுகிறாய். கண் சிவந்திருந்தது என்று உருகுகிறாய். அன்றைக்கு அவர் தூங்கி எழுந்து நேராக அரங்கத்துக்கு வந்தார்.

என்மேல் பரிதாபப்பட்டு ஒரு வரி எழுதினாலும் கிழித்துப் போடுவேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள். எனக்கு அவர் மேல் கோபம், உன் மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல் கோபம். ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. என் மகள் அதை நம்பிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

*

ஜூலை 30

நாத்தனார் அவர்களுக்கு,

அத்தை, மகள், அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய அவா.

இரண்டு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். அண்ணனைச் சொன்னால் உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்துதான் இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தேன். தினமும் நிலையத்துக்கு வந்ததும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன், வரவேற்பில் இருக்கும் பெண் என்னைப் பார்த்துப் பாவப்பட ஆரம்பித்துவிட்டாள். இனி பார்க்கப் போவதில்லை. இதுவே கடைசிக் கடிதம்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரி அங்கேயேதான் இருக்கிறது.

அண்ணி

*

அக்டோபர் 9

அடியே,

நான் சாகவில்லை. கை, கால், காது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். எழுதியதெல்லாம் ஒன்று அவனுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்தது, இல்லாவிட்டால் உன்மேல் பரிதாபப்படுகிற மாதிரி. இரண்டையும் நீ கிழித்துத்தான் போட்டிருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நீ பொய் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மாடியில் ஒரு மாணவி கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தாள், முழங்கையிலும் கட்டை விரலிலும் மாற்றி மாற்றி. அவனும் அன்றைக்கு அப்படித்தான் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் நம் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் அவன்தான். அவன் சிரிப்பு வெளியே கேட்காதபடி என்னை இருமச் சொல்லிச் சைகை காட்டினான், நிருபருக்குச் சந்தேகம் வந்துவிடப் போகிறது என்று. அவனுக்குத் தெரியாமல் இல்லை. நான் போனில் கேட்டபோதும் தெரிந்துதான் என்னிடமே அப்படிச் சொன்னான்.

எனக்கு உன்மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இத்தனை வருஷம் தப்பான ஆளை வெறுக்க விட்டாயே! ஒரு நாள் இந்த மாடிப்படி ஏறி வந்து, உன் அண்ணன் இப்படிடி என்று கத்தியிருந்தால் நான் நம்பாமல் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் நம்பியிருப்பேன். அதற்குக்கூட எனக்கு வழி விடவில்லை நீ.

வார இதழ்க்காரி வந்தாள். சின்னப் பெண், டிரம்ஸ் பற்றி உருப்படியாகக் கேள்வி கேட்டாள். அந்தப் பழைய பேட்டியைப் பற்றிச் சொன்னேன், சொன்னது நான் என்று சொன்னேன். சும்மா விடவில்லை அவள், கிட்டார்காரியைத் தேடிப் பிடித்து அவளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அப்போது அறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாள், சொன்னேன். அண்ணனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதான் அவனோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவள், அதை நீ சொல்வதா வேண்டாமா என்று நான் தீர்மானிக்க முடியாது.

போன வாரம் அச்சில் வந்துவிட்டது. ‘மழைக்காலம்’ உடனே பக்கத்தை மாற்றிவிட்டார். நீ பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுத்திருப்பாய், அதனால் எழுதுகிறேன்: “‘கல்யாணத்துக்குப் பிறகு மேடை ஏற மாட்டேன், எனக்கு வீடுதான் முக்கியம்’ என்று நாளிதழ் பேட்டியில் கூறியவர் டிரம்மர். பாடகியின் இடத்தில் அமர்ந்து அவர் இதைக் கூறியபோது குழுவின் மற்ற மூவரும், ஒலியமைப்பாளரான டிரம்மரின் அண்ணனும் அந்த அறையில் இருந்தனர். குழு பின்னர் கலைந்தது.” கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘ஆதாரம் தேவை’ என்று ஒட்டியிருக்கிறார்.

விளையாட்டாகச் சொன்னது என்பதை மட்டும் சேர்க்க மாட்டேன் என்கிறார். விளையாட்டு என்பது என் அபிப்பிராயமாம். ஆக, இனி உலகத்துக்கு வீடுதான் முக்கியம் என்றவள் நான். நேற்று ஒரு மாணவியின் அம்மா, “அப்படிச் சொன்னவங்க ஏன் கல்யாணமே பண்ணிக்கலை மிஸ்?” என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு டிரம்ஸ் சத்தம் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். இருந்துவிட்டுப் போகட்டும். என் வாயிலிருந்து வந்தது என் பேரில் இருக்கிறது.

உன் எண்ணின் முடக்கத்தை எடுத்துவிட்டேன். கூப்பிட வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

இடி மாதிரி வாசிக்கும்,
நாத்தனார்

*

அக்டோபர் 26

அடியே,

நாங்கள் நலம். முன்பு எழுதியபோது பழக்கத்தில் எழுதினேன், இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும், உன்னோடு போட வேண்டிய சண்டை எனக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. நன்றி சொல்வேன் என்று காத்திருக்காதே. நீ வைத்த நெருப்பை நீ அணைத்தாய்.

அத்தைக்கு வார இதழைப் படித்துக் காட்டினேன். நீ சொன்ன வாக்கியம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, “அவளா அப்படிச் சொன்னா? திருப்பிப் படி” என்றார். படித்தேன். “அப்பவே நல்ல புத்தி இருந்திருக்கு பாரு அவளுக்கு. நான்தான் தெரியாம ஏசிட்டேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அம்மா உன்னைப் புகழ்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அது கிண்டல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே வந்து சொல்லிக்கொள்.

மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனில் அந்தப் பக்கத்தைப் படித்தாள், அறைக்குள் போய்விட்டாள். எதுவும் நடக்கப்போவதில்லை என்று நான் ஏமாந்துபோனேன். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, அந்தப் பேட்டி எடுத்தப்போ நீங்க அதே ரூம்லதான் இருந்தீங்களாமே?”

“எந்தப் பேட்டி?” என்றார்.

“நீங்க எனக்குக் காட்டின பேட்டி. அலமாரில இருக்கே. சொன்னது அம்மா இல்லைன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

அவர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் பேச்சை மாற்றுவது வழக்கமாக என் வேலை. தண்ணீர் வேண்டுமா என்பேன், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பேன். நேற்று அந்த வேலையைச் செய்யவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டேன்.

“சாப்பிடும்மா, ஆறிப்போகுது” என்றார், சிரித்துக்கொண்டே.

“சாப்பிடறேன்பா. நீங்க சொல்லுங்க” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவர் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவள் விடவில்லை. காலையில் அவர் செருப்பு மாட்டும்போது வாசலில் நின்று மறுபடியும் கேட்டாள். இன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்பாளாம்.

உன் அண்ணி